வலது காலுக்கு அனுமதி இல்லை

ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் இருக்கும் அந்த ஷூ கம்பெனியின் பெயர் நமக்கு வேண்டாம். சொன்னால், அதை எந்த முறையில் எழுத வேண்டும் என்று ஒரு கூட்டம் போட்டுவிடுவார்கள். கூட்டம் போடுவதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கீழே தோல் வெட்டுகிறார்கள், தைக்கிறார்கள், பாலிஷ் போட்டு டப்பாவில் அடைக்கிறார்கள். ஃபினிஷிங் ஹாலுக்கு நேர் மேலே, கண்ணாடி போட்ட ஏ.சி. அறையில் கம்ப்யூட்டர் பிரிவு. எந்தத் தோலில் என்ன சைஸ் ஷூ வெட்ட வேண்டும் என்று கீழே சீட்டு அச்சடித்துக் கொடுப்பதுதான் அந்தப் பிரிவின் வேலை. பழைய வேலை என்று சொல்ல வேண்டும். இப்போது அதன் வேலை ஒழுக்கம்.

ஒழுக்கத்தைக் கொண்டுவந்தவர் பிரேம்நாத். பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்தவர். அங்கிருந்து ஏன் வந்தார் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. ஏன் விட்டோம் என்று அங்கே யாரும் வருந்தியதாகவும் தகவல் இல்லை. வந்த முதல் நாளே, எல்லோரும் 'சாப்' என்று அழைக்கும் முதலாளி இஷ்தியாக் அகமதுவிடம் அவர் ஒரு விஷயத்தை விளக்கினார். கம்பெனியின் புரோகிராம் எழுதப்பட்டிருக்கும் மொழியில், ஒவ்வொன்றும் என்ன வகை என்று முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். இது எண், இது எழுத்து, இது ஷூ, இது டப்பா என்று. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த மொழியை உண்டாக்கிய புண்ணியவான் ஒரே விஷயத்தை இரண்டு விதமாக அறிவிக்க வழி வைத்துவிட்டான். 'ஷூ அடங்கிய டப்பா' என்றும் எழுதலாம், 'டப்பா, அதற்குள் ஷூ' என்றும் எழுதலாம். அர்த்தம் ஒன்றேதான். கம்ப்யூட்டர் எதை எழுதினாலும் வாயை மூடிக்கொண்டு வேலை செய்யும்.

"இதான் சாப் பிரச்சினை. நம்ம பிரிவுல பாதிப் பேர் ஷூவ முன்னாடி எழுதறாங்க, பாதிப் பேர் டப்பாவ முன்னாடி எழுதறாங்க" என்றார் பிரேம்நாத்.

சாப் பதறிப்போனார். "அதனால நஷ்டம் ஏதாச்சும் ஆவுதா?"

"ஆகல சாப். அதான் ஆபத்து. ஆகியிருந்தா எப்பவோ கண்டுபிடிச்சிருப்பாங்க."

சாப்புக்குத் தோலைத் தொட்டுப் பார்த்தாலே அது எந்த ஊர் ஆடு என்று தெரியும். கம்ப்யூட்டரைத் தொட்டால் ஒன்றும் தெரியாது. அதனால் கேட்டதையெல்லாம் கொடுத்தார். அடுத்த வாரமே 'வகை அறிவிப்புச் சீர்மைக் குழு' பிறந்தது. சுவர் அகலத்துக்கு ஒரு திரை மாட்டப்பட்டது. எழுதுகிற முறையில் விலகல் இருந்தால் திரை சிவப்பு, இல்லையென்றால் பச்சை. திறப்பு விழாவில் பிரேம்நாத் பேசிய பேச்சை இன்றைக்கும் அந்தப் பிரிவில் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

"வேலை செய்யற புரோகிராம எவன் வேணாலும் எழுதலாம். அதுக்கு மூளை போதும். ஒரே மாதிரி எழுதறதுக்குத்தான் பண்பாடு வேணும்! பெங்களூர்ல எங்க டீம் ஒரு வருஷம் முழுக்க ஒண்ணுமே வெளியிடல. ஆனா ஒரு விலகல்கூடக் கிடையாது. அந்த வருஷத்த நெனச்சா இப்பவும் எனக்குக் கண் கலங்குது."

எல்லோரும் கைதட்டினார்கள். கரோலினும் தட்டினாள்.

கரோலின் பேரணாம்பட்டுப் பெண். குடியாத்தத்தில் படித்துவிட்டு, தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். சீட்டு அச்சடிக்கும் புரோகிராமைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. காலேஜில் சொல்லிக்கொடுத்த மாதிரி டப்பாவை முன்னாடி எழுதிப் பழகியவள். குழுவோ ஓட்டெடுத்து ஷூதான் முன்னாடி என்று முடிவு செய்துவிட்டது. கைப்பழக்கம் லேசில் போகுமா? இரண்டு தடவை மறந்துபோய் டப்பாவை முன்னாடி போட்டாள். தப்புச் செய்தவர் காலைக் கூட்டத்தில் எழுந்து நின்று விதியைச் சத்தம்போட்டு வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பிக்காத பிள்ளை மாதிரி நின்று வாசித்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் சிநேகிதி மஹீன், குனிந்து துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நின்று வாசிப்பது மட்டும் போதாது என்று குழுவுக்குப் பட்டது. ஆகவே விலகலைக் கண்டுபிடிக்கும் கருவியைக் கம்பெனியின் ஷிஃப்ட் சங்கோடு இணைத்தார்கள். மேலே யாராவது டப்பாவை முன்னாடி எழுதினால், கீழே சங்கு ஊதும். கேட்பானேன்! சங்கு ஊதினால் டீ என்றுதான் தையல் லைன் பெண்களுக்குத் தெரியும். மிஷினை நிறுத்திவிட்டுக் கூட்டமாக வாசல் கேட்டுக்குப் போய்விட்டார்கள். முதல் நாள் காலையிலேயே பல தடவை டீ குடித்தார்கள். வாசலில் டீக்கடை வைத்திருந்தவர் ஒரு பெஞ்சு கூடுதலாக வாங்கிப் போட்டார். மறுநாள் தையல் லைனில் இருந்து ஒரு அம்மா மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "ஏம்மா, முட்டி வலிக்குது, மேல யாராச்சும் ஒரு தப்பு பண்ணுங்களேன்!"

சாப் ஓடிவந்தார். "இன்னா பேஜார் இது பிரேம்நாத்? சங்க எடுத்துடுங்க."

"சங்க எடுத்தா ஒழுக்கம் போய்டும் சாப். கீழ இருக்கிறவங்களுக்குப் பயிற்சி குடுக்கலாம். இது டீ சங்கா, ஒழுக்கச் சங்கான்னு கேட்டுத் தெரிஞ்சுக்கணும்."

இரண்டும் ஒரே சங்கு, ஒரே சத்தம். இருந்தாலும் பயிற்சி நடந்தது. பயிற்சி முடிந்ததும் சான்றிதழ் கொடுத்தார்கள்.

இதெல்லாம் தமாஷாகத்தான் போய்க்கொண்டிருந்தது, குழு தன் புது விதியைக் கொண்டுவருகிற வரைக்கும். 'ஒரே வடிவம் உள்ள இரண்டு வகைகளை அறிவிக்கக் கூடாது' என்றது அந்த விதி. படித்தால் நியாயமாகத்தான் இருக்கும். கருவியை ஓட்டிப் பார்த்ததில் புரோகிராமில் ஒரே ஒரு குற்றம் சிக்கியது. 'இடது ஷூ' என்று ஒரு வகை: சைஸ், நிறம், எந்தத் தோல். 'வலது ஷூ' என்று ஒரு வகை: சைஸ், நிறம், எந்தத் தோல். அச்சு அசலாக ஒரே வடிவம்! திரை சிவந்தது, சங்கு ஊதியது, கீழே பெண்கள் டீக்குப் போனார்கள்.

இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று குழு ஒரு முழுநாள் விவாதித்தது. ஆங்கில அகரவரிசையில் இடதுக்கான எழுத்து முன்னால் வருவதால் இடதே நீடிக்கலாம், வலது நீக்கப்படலாம் என்று தீர்மானம் ஆனது.

கரோலின் கையைத் தூக்கினாள். "சார், மனுஷனுக்குக் கால் ரெண்டு சார்."

பிரேம்நாத் பொறுமையாகச் சிரித்தார். "கால் ஹார்டுவேர், கரோலின். நாம சாஃப்ட்வேர்."

"இல்ல சார், சீட்டு அடிக்கும்போது..."

"உங்க ஆட்சேபத்த எழுத்துல குடுங்க."

எழுத்தில் கொடுத்தாள். உதாரணம் காட்டுவதற்காக நாலு வரி புரோகிராமும் சேர்த்திருந்தாள். பதில் மறுநாள் வந்தது: 'உங்கள் ஆட்சேபத்தில் கருத்து இருக்கலாம். ஆனால் உதாரணத்தில் டப்பா முன்னால் வருகிறது. எனவே கருத்து பரிசீலிக்கப்படவில்லை.' தலையில் அடித்துக்கொண்டாள். திருத்தி மறுபடி அனுப்புவதற்குள் வலது ஷூவை நீக்கியாகிவிட்டது. திரை பளிச்சென்று பச்சையானது. சாப் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

கீழே கட்டிங் ஹாலில் இன்சார்ஜாக இருந்தவன் மோசஸ், கரோலினின் சொந்த அண்ணன். தோல் பலகைமேல் கத்தியை ஓட்டுவதில் கெட்டிக்காரன். ஒரு ஜோடியின் இடதையும் வலதையும் ஒரே தோலில் பக்கத்துப் பக்கத்தில் வெட்டினால்தான் நிறம் சேரும் என்பது அவனுக்கு மூச்சு விடுகிற மாதிரி. அவனுக்கு வேலூரில் நர்ஸாக இருக்கும் கிறிஸ்டினாவை நிச்சயம் செய்திருந்தார்கள். யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டுக் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண ஓலையில் இரண்டு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலை அடுத்த ஞாயிறு. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே 'கட்டிங் இன்சார்ஜ்' என்று கொட்டை எழுத்தில் போடச் சொன்னவர் கிறிஸ்டினாவின் அப்பா. அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் அவர் பெண்ணே கொடுத்தார் என்று மோசஸே சொல்லிச் சிரிப்பான்.

சீட்டில் இடது இடது என்றே வர ஆரம்பித்ததும் மோசஸ் மாடிக்கு வந்தான். ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் கண்ணாடிக்கு வெளியே நின்று தங்கச்சிக்குச் சைகை காட்டினான். அவள் வெளியே ஓடினாள்.

"இன்னா கரோ, காலையிலேர்ந்து எடதே வருது? வலது எப்ப அனுப்புவீங்க?"

"வலது இல்லணா. எடுத்துட்டாங்க."

"எடுத்துட்டாங்கன்னா?"

"வடிவம் ஒண்ணா இருக்குதாம்."

மோசஸ் தங்கச்சியின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான், காய்ச்சலா என்று. "சரி, நானா சீட்டுல வலதுன்னு எழுதி வெட்டிடவா?"

கேட்டுவிட்டு அவனே தலையை ஆட்டிக்கொண்டான். போன தடவை சீட்டில் சைஸ் தப்பாக வந்தபோது பேனாவால் திருத்தினான். 'சீட்டில் பேனா வைக்கும் அதிகாரம் கட்டிங் பிரிவுக்கு இல்லை' என்று மெமோ வந்தது. கல்யாண நேரத்தில் இன்னொரு மெமோ வேண்டாம் என்று, வந்த சீட்டுக்கெல்லாம் வெட்டினான். தைத்தார்கள், பாலிஷ் போட்டார்கள், டப்பாவில் இரண்டிரண்டாகப் போட்டார்கள். ஃபினிஷிங் ஹால் முழுக்க இடது கால்.

வெளிநாட்டில் இருந்து சரக்கு பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒரு டப்பாவைத் திறந்தார். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். இடம் மாற்றி வைத்தார். இன்னொரு டப்பாவைத் திறந்தார். பிறகு சாப்பின் முகத்தைப் பார்த்தார். சாப் தன் காலைப் பார்த்துக்கொண்டார். வருகிற சனிக்கிழமைக்குள் ஜோடி சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆர்டர் கிடையாது என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறிவிட்டார்.

விசாரணை கண்ணாடி அறையில் நடந்தது. சாப் கத்திய கத்தலில் ஏ.சி.யே ஒரு நிமிஷம் நின்ற மாதிரி இருந்தது. பிரேம்நாத் மட்டும் அசையவில்லை.

"திரையப் பாருங்க சாப். பச்சை. ஒரு விலகல் காட்டுங்க, நான் ராஜினாமா பண்றேன். கீழ இருக்கிற சரக்கயும் பாருங்க, எல்லா ஷூவும் ஒரே மாதிரி இருக்கு! நாங்க மேல எதுக்காகப் பாடுபட்டமோ அது கீழ வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கு. உண்மையில இது எங்க வெற்றி."

"அப்ப தப்பு யாரோடது?"

"தப்பு கால்ல இருக்கு சாப். ரெண்டும் ஒரே மாதிரி இல்ல. அதக் கவனிச்சிருக்க வேண்டியது கட்டிங் இன்சார்ஜ்."

ஓரமாக நின்றிருந்த மோசஸ் நிமிர்ந்தான். "சார், சீட்டுல இருந்ததத்தான் சார் வெட்டினேன்."

"சொந்த புத்தி வேணாமா?"

"அது வெச்சதுக்குத்தான் சார் போன தடவ மெமோ குடுத்தீங்க."

சாப்புக்கு ஒரு கணம் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஆர்டர் கையை விட்டுப் போகிற பயம் பெரிது. முடிவில் இப்படித் தீர்ப்பு ஆயிற்று: சனிக்கிழமைக்குள் வலது ஷூக்களை வெட்டித் தந்தால் மோசஸுக்கு வேலை இருக்கும், தராவிட்டால் இல்லை. சீட்டு இல்லாமல் வெட்டினாலும் இல்லை. சீட்டில் வலது என்று வர வழியும் இல்லை, ஏனென்றால் வலது என்று ஒரு வகையே கிடையாது.

கரோலின் அண்ணனைப் பார்த்தாள். அவன் ஏப்ரன் முடிச்சைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக நின்றான். இந்தப் பச்சைத் திரையைத் தூக்கிப் பாலாற்றில் போட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது.

அன்றைக்கே வலது ஷூ வகையைத் திரும்பச் சேர்க்கக் கேட்டு அனுப்பினாள். வடிவம் ஒன்றாக இருப்பதால் நிராகரிக்கப்பட்டது. ஆர்டர் போய்விடும் என்று எழுதினாள்; ஆர்டர் குழுவின் வரம்புக்குள் வராது என்று பதில் வந்தது. அண்ணன் வேலை போய்விடும் என்று எழுதினாள். உறவினர் பற்றிய குறிப்புகளை எந்த முறையில் எழுத வேண்டும் என்பதற்கு விதி தயாராகி வருவதாகப் பதில் வந்தது. வீட்டிலோ கிறிஸ்டினாவின் அப்பா போன் செய்து, "மாப்பிள்ளைக்கு ஏதோ பிரச்சினைன்னு கேள்விப்பட்டேன். வேலை இல்லாதவனுக்கு மூணாவது ஓலை வாசிக்க நான் சம்மதிக்க மாட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். மோசஸ் சாப்பிடாமலே படுத்தான்.

வியாழக்கிழமை கேன்டீனில் கரோலின் டீயைக் குடிக்காமல் வெறித்துக்கொண்டிருந்தாள். மஹீன் ஒரு சமோசாவைப் பிட்டு அவள் தட்டில் போட்டாள்.

"ஏண்டி இப்படி உக்காந்திருக்கே? அவங்க பிரச்சினை இன்னா? வடிவம் ஒண்ணா இருக்கு, அவ்ளோதானே? வலதுல ஏதாச்சும் ஒண்ண ஜாஸ்தியா சேத்துடு. வடிவம் மாறிடும்."

"இன்னாத்த சேக்கறது? எடதுல இல்லாதது வலதுல இன்னா இருக்குது?"

"எதையாச்சும் போடுடி. எவன் படிக்கப் போறான்?"

கரோலின் மேலே ஓடினாள். வலது ஷூ: சைஸ், நிறம், எந்தத் தோல் என்று எழுதினாள். நாலாவதாக என்ன போடுவது? ஜன்னல் இடுக்கு வழியாக ஃபினிஷிங் ஹாலின் நெடி குப்பென்று ஏறியது. 'வாசனை' என்று போட்டாள். ஷூவை முன்னாடி வைத்தாள், டப்பாவைப் பின்னாடி வைத்தாள், இடைவெளிகளைச் சரிபார்த்தாள், சிலுவை போட்டுக்கொண்டு அனுப்பினாள். சங்கு ஊதவில்லை. திரை பச்சையாகவே இருந்தது.

பிரேம்நாத் அதைக் கூட்டத்தில் எல்லோருக்கும் காட்டினார். "பாருங்க! எவ்வளவு அழகான அறிவிப்பு! இந்தப் பொண்ணுக்கு இப்பதான் பண்பாடு வந்திருக்கு." அது என்ன வாசனை, எதற்கு வாசனை என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருமனதாக அனுமதி கொடுத்தார்கள்.

மதியமே சீட்டில் வலது வந்தது. மோசஸ் அதை முத்தமிட்டானாம். பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். கட்டிங் ஹாலே மூச்சுவிடாமல் வேலை செய்தது. இடது ஒரு தோல், வலது வேறு தோல் என்பதால் நிறம் சேருமோ சேராதோ என்று எல்லோருக்கும் திக்திக்கென்று இருந்தது. நல்லவேளை, ஆர்டர் முழுக்கக் கறுப்பு. சனிக்கிழமை வெள்ளைக்காரர் வந்தார், டப்பாவைத் திறந்தார், தலையை ஆட்டினார். ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை வாசித்தார்கள். கோயிலில் கரோலின் தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்து, அண்ணன்மேல் எவ்வளவு பாசம் என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள்.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு குழு சும்மா இருக்குமா?

திங்கட்கிழமை திரை சிவப்பாக இருந்தது. வலது ஷூ ஒவ்வொன்றிலும் வாசனை என்ற இடம் காலியாகக் கிடக்கிறது என்றது கருவி.

"அது காலியாவே இருக்கலாம் சார்" என்றாள் கரோலின்.

"அறிவிச்சத நிரப்பாம விடறதா?" பிரேம்நாத்தின் குரல் நடுங்கியது. "நாம அநாகரிகமானவங்களா?"

வாசனையை நீக்கினால் வடிவம் ஒன்றாகிவிடும். வலது மறுபடி போய்விடும். உண்மையைச் சொன்னாலும் அதுதான் நடக்கும். 'வாசனைப் பதிவுப் பிரிவு' தொடங்கத் தீர்மானம் ஆயிற்று. நல்லது, சாதாரணம், குறிப்பிடத்தக்கது என்று மூன்று மதிப்புகள் அறிவிக்கப்பட்டன. சாப் இதை ஐரோப்பாவில் நடக்கும் ஏதோ பெரிய பரிசோதனை என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். தோலை நன்றாக அறிந்த ஒருவர் தேவை என்று தேடியதில், நெருக்கடியில் வலது ஷூக்களைக் கொடுத்துக் கம்பெனியைக் காப்பாற்றிய மோசஸை விடத் தகுதியானவர் யார்? கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, அவனுக்கு ஏ.சி. அறையும் நாற்காலியும் கொடுத்தார்கள். 'வாசனை அதிகாரி' என்று பித்தளைப் பலகை. கிறிஸ்டினாவின் அப்பா சந்தோஷம் தாங்காமல் பத்திரிகையை மறுபடி அச்சடித்தார்.

கரோலின் டீ வேளையில் அந்த அறைக்குப் போவாள். அண்ணன் ஒரு வலது ஷூவை எடுப்பான், மூக்கை உள்ளே விட்டு மூச்சை இழுப்பான், "சாதாரணம்" என்பான், பதிவு செய்வான், அடுத்ததை எடுப்பான். முதல் வாரம் அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். இரண்டாவது வாரம் கண்ணடிக்கவில்லை. ஒருநாள் வலது கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கத்தி பிடித்துப் பிடித்து விரலில் இருந்த காய்ப்பு உரிந்துகொண்டிருந்தது.

"கோவமாணா?" என்று கேட்டாள்.

"உன்மேல இன்னா கோவம்? வேலைய காப்பாத்திக் குடுத்தே" என்றான். "எந்த வேலைன்னுதான் தெரியல."

கல்யாணம் அமர்க்களமாக நடந்தது. ஆம்பூர் பிரியாணி, பேண்டு வாத்தியம், சாப் நேரில் வந்து வாழ்த்தினார். பிரேம்நாத், குழுவின் விதிகளை அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பரிசாகக் கொடுத்தார்.

மறுநாள் காலை மறுவீட்டுக்கு வேலூர் கிளம்பினார்கள். வாசலில் கார் நின்றது. புது மாப்பிள்ளை படியில் உட்கார்ந்து புது ஷூவைப் போட்டான். இடதை எடுத்து நேராகக் காலில் மாட்டினான். வலதை எடுத்தான், மூக்கை உள்ளே விட்டு மூச்சை நன்றாக இழுத்தான், "சாதாரணம்" என்று சத்தமாகச் சொன்னான், பிறகு மாட்டிக்கொண்டு காரை நோக்கி நடந்தான். தான் செய்தது அவனுக்கே தெரியவில்லை.

கிறிஸ்டினா மிரண்டுபோய்க் கரோலினின் கையைப் பிடித்தாள். "உங்க அண்ணனுக்கு இன்னா ஆச்சு?"

கரோலின் அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"ஒண்ணும் இல்ல அண்ணி. பிரமோஷன் ஆச்சு."